ஆத்த நம்பி மலைய நகத்தினோம்: கொலராடோ ஆத்தோரப் பழைய சுரங்க மேப், ஒரு நிகழ்வு ஆய்வு

எங்க, எதுக்கு

அமெரிக்காவுல கொலராடோ ஆத்தோட கீழ்ப்பகுதி, அரிசோனா, நெவாடா, கலிஃபோர்னியா மூணும் ஒட்டி நிக்கிற இடம். மேற்க நீடில்ஸ் ஊரும் ஆறும், கிழக்க பிளாக் மலைத்தொடர், அந்த மலைக்குள்ள ஓட்மன்னு ஒரு பழைய தங்கச் சுரங்க ஊர். ஜூலைல 45 டிகிரி சர்வசாதாரணமா தாண்டுற பாலைவனம். மழை வந்தா மட்டும் ஓடுற காட்டாறுங்க மலைலேர்ந்து ஆத்தப் பாத்து இறங்கும், அங்க அதை வாஷ்னு சொல்வாங்க, மீதி நாளெல்லாம் அது வெறும் சரளைக்கல் பாதை.

எங்க டீம்ல அஞ்சு பேர். நானும் இன்னும் ரெண்டு பேரும் ஆபீஸ்ல உக்காந்து மேப் வேலை, ஒரு புவியியல்காரரும் ஒரு ஜூனியர் பையனும் ஃபீல்டுல. ஜூனியர் நம்ம ஊர்ப் பையன், அங்க படிச்சிட்டே பார்ட் டைமா வந்தவன். வேலை என்னன்னா ஓட்மன் சுத்தி கைவிட்ட சுரங்க வாய் எங்கெங்க இருக்குனு கண்டுபிடிச்சு பட்டியல் போடணும், அப்புறம் வேற ஒரு டீம் வந்து அதை மூடும்.

ஏன் இவ்வளவு திறந்து கிடக்குதுன்னு கேட்டா, அங்க தங்கம் வெள்ளி எடுக்குறதுக்கான சட்டம் 1872ல போட்டது, தோண்டிட்டுப் போறவன் மூடிட்டுப் போகணும்னு அதுல ஒரு வரி கூட கிடையாது. ஓட்மன்ல 1900களோட தொடக்கத்துல டாம் ரீட், 1915க்கு அப்புறம் யுனைடெட் ஈஸ்டர்ன்னு பெரிய சுரங்கங்க நல்லா ஓடுச்சு, யுனைடெட் ஈஸ்டர்ன் 1924ல மூடிட்டாங்க, கடைசில 1942ல போர்க்கால உத்தரவு ஒண்ணு வந்து நாடு முழுக்க தங்கச் சுரங்கத்தையே நிறுத்திடுச்சு. பெரிய சுரங்கங்க எங்கன்னு எல்லாருக்கும் தெரியும். பிரச்சினை சின்னதுங்கதான், ரெண்டு பேர் ஒரு கழுதைய வச்சுட்டு ஆறு மாசம் தோண்டிப் பாத்துட்டு ஒண்ணும் கிடைக்கலன்னு விட்டுட்டுப் போன குழிங்க.

இப்போ இருக்குற 1:24,000 மேப் ஷீட்ல சுரங்கக் குறி நிறைய இருக்கு, பாதி கறுப்பு பாதி வெள்ளையா சின்னச் சதுரம்னா செங்குத்துக் குழி, அதாவது ஷாஃப்ட், பெருக்கல் குறின்னா தோண்டிப் பாத்த பள்ளம். ஆனா பழைய ஷீட்ல இருந்து புதுசுக்கு எல்லாமே வந்துடல. அதனால 1900களோட ஆரம்பத்து ரெண்டு ஷீட்ட ஸ்கேன்ல எடுத்தோம், அளவு 1:125,000. ரெண்டு எதுக்குன்னா 35 டிகிரி அட்சரேகை ஓட்மனுக்குத் தெக்க சில கிலோமீட்டர்லயே போகுது, ஷீட் அங்கதான் முடியுது, நமக்கு வேண்டிய இடம் பாதி மேல் ஷீட்ல பாதி கீழ் ஷீட்ல.

அந்த ரெண்டு ஷீட்லயும் இருந்து, புது ஷீட்ல இல்லாத 14 குறிய பொறுக்கி எடுத்தோம். அந்த 14தான் இந்தக் கதை.

இந்த ஏரியாவ யாரெல்லாம் வரைஞ்சாங்க

இது சுருக்கமா. முதல்ல 1857-58ல ராணுவ லெஃப்டினன்ட் ஐவ்ஸ், எக்ஸ்ப்ளோரர்னு ஒரு இரும்பு நீராவிப் படகப் பிரிச்சு பார்ட் பார்ட்டா கொண்டுவந்து ஆத்து முகத்துல மாட்டி மேல ஓட்டிட்டுப் போனார், பிளாக் கேன்யன்ல பாறைல இடிக்கிற வரைக்கும். கூடப் போன எக்லாஃப்ஸ்டைன் வரைஞ்ச மேப்ல மலையெல்லாம் நிழல் போட்டு மேலேர்ந்து போட்டோ எடுத்தாப்ல இருக்கும், பாக்க அவ்வளவு அழகு, அளந்து பாக்க ஆகாது. அப்புறம் 1871ல வீலர் தலைமையில ராணுவ சர்வே ஒண்ணு மொஹாவி கோட்டைலேர்ந்து படகுல மேல போச்சு. 1879ல யுஎஸ்ஜிஎஸ், அதாவது அமெரிக்க அரசோட புவியியல் ஆய்வுத்துறை, ஆரம்பிச்சதுக்கு அப்புறம்தான் காண்டூர், அதாவது ஒரே உயரத்த இணைக்கிற கோடு, போட்ட ஷீட் ஒவ்வொண்ணா வர ஆரம்பிச்சுது, பழுப்புல காண்டூர், நீலத்துல தண்ணி, கறுப்புல மனுஷன் செஞ்சது எல்லாம், மூணு செப்புத் தகடு.

இந்த மூணு தகடு விஷயத்த ஞாபகம் வச்சுக்கோங்க, நாங்க வச்சுக்கல.

முதல்ல செஞ்சது

பழைய ஸ்கேன இன்னிக்கு இருக்குற மேப் மேல உக்கார வைக்கணும்னா ரெண்டுலயும் தெரியுற ஒரே இடங்களா சில பாயின்ட் புடிச்சு, இது இங்கன்னு சொல்லணும். நான்தான் பாயின்ட் புடிச்சேன். மொத்தம் 11. ஆத்து வளைவு 6, நீடில்ஸ் ரயில் நிலையம் ஒண்ணு, டோபாக்ல ஆத்தக் கடக்குற ரயில் பாலம் ஒண்ணு, மலைக்கு அந்தப் பக்கம் ரயில் பாதைல மூணு. மலைக்குள்ள ஒண்ணு கூட இல்ல. ஏன்னா மலைக்குள்ள எதைப் புடிக்கிறதுன்னு தெரியல, காண்டூர் வளையத்துல எந்த இடம் உச்சின்னு சொல்றது, ஆறுன்னா நல்லா நீலமா தடிமனா தெரியுது, கண்ணுக்கு ஈஸி. அதுதான் காரணம், வேற தொழில்நுட்பக் காரணம் எதுவும் இல்ல.

அதுக்கும் முன்னாடியே ஒரு தப்பு நடந்துடுச்சு, ரெண்டு ஷீட்டையும் படமா ஒட்டிட்டு அப்புறம் ஒரே ஷீட் மாதிரி பாயின்ட் புடிச்சோம். ஓரத்துல ஒரு காட்டாறு மேல் ஷீட்லேர்ந்து கீழ் ஷீட்டுக்கு வரும்போது ஒன்றரை மில்லிமீட்டர் தள்ளி நின்னுச்சு, காகிதம் சுருங்கியிருக்கும்னு நெனச்சு இழுத்துச் சேத்துட்டோம். 1:125,000ல ஒரு மில்லிமீட்டர்னா 125 மீட்டர்.

முதல் டிகிரி டிரான்ஸ்ஃபார்ம், அதாவது மேப்ப வளைக்காம நகத்தி, திருப்பி, நீட்டி மட்டும் பொருத்துறது, போட்டா பிழை பெருசா வந்துச்சு. சாஃப்ட்வேர்ல மூணாவது டிகிரி பாலினோமியல்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, அதைப் போட்டேன், ஆர்எம்எஸ் பிழை, அதாவது எல்லாப் பாயின்ட்டுக்கும் சேத்து ஒரு சராசரிப் பிழை, 20 மீட்டருக்குக் கீழ வந்துடுச்சு. நூறு வருஷத்து மேப்புக்கு 20 மீட்டர், நாங்க மூணு பேரும் காபி குடிச்சுக் கொண்டாடாத குறைதான்.

இதுல என்ன கோளாறுன்னு இப்போ சொல்றேன். முதல் டிகிரிக்கு குறைஞ்சது 3 பாயின்ட் வேணும், ரெண்டாவதுக்கு 6, மூணாவதுக்கு 10. 10 பாயின்ட் மட்டும் குடுத்தா பிழை எப்பவுமே சுத்தமா பூஜ்யம்தான், நீங்க பாயின்ட்ட தப்புத் தப்பா வச்சிருந்தாலும் பூஜ்யம்தான், ஏன்னா மேப்ப ரப்பர் மாதிரி வளைச்சு எல்லாப் பாயின்ட்லயும் ஒட்டிடும். எங்ககிட்ட 11. அதாவது சரிபாக்குறதுக்குன்னு மிச்சம் இருந்தது ஒரே ஒரு பாயின்ட். அந்த 20 மீட்டருக்கு அர்த்தமே கிடையாது. இது பாடப்புத்தகத்துல இருக்குற விஷயம், எனக்கும் தெரிஞ்ச விஷயம், அன்னிக்கு ஆர்எம்எஸ் நம்பரப் பாத்த சந்தோஷத்துல யோசிக்கல.

ஃபீல்டுல நடந்தது

ஏப்ரல் கடைசி வாரம் ரெண்டு பேரும் டேப்லட்ல 14 பாயின்ட் ஏத்திட்டுப் போனாங்க. வெயில் ஏற்கனவே 35ஐத் தாண்டிடுச்சு. முதல் நாள் மூணு பாயின்ட், மூணுலயும் ஒண்ணும் இல்ல. குழி இல்ல, கழிவுமண் மேடு இல்ல, ஒரு தகர டப்பா கூட இல்ல. சுரங்கம் இருந்த இடத்துல துருப்பிடிச்ச டப்பாவாவது கிடக்கும், பாலைவனத்துல அது நூறு வருஷமானாலும் அப்படியேதான் இருக்கும். புவியியல்காரர் சாயங்காலம் போன்ல, பாறையே சரியில்ல, இங்க எவனும் தோண்டியிருக்க மாட்டான், தங்கம் இருக்குற குவார்ட்ஸ் நரம்பே இல்லன்னு சொன்னார். நாங்க அதக் காதுல வாங்கியிருக்கணும்.

ரெண்டாம் நாள் நாலாவது பாயின்ட். டேப்லட்ல இன்னும் 500 மீட்டர் போகணும்னு காட்டுது. ஜூனியர் திரையப் பாத்துக்கிட்டே ஒரு சின்னச் சரிவுல ஏறுறான், முன்னாடி ஒரு கிரியோசோட் புதர், அதைச் சுத்திக்கிட்டுப் போக வலது கால வச்சவன் அடில மரப்பலகை நசுங்குற மாதிரி இருக்கேன்னு பின்னாடி இழுத்துட்டான். புதர் வளர்ந்திருந்தது ஷாஃப்ட் வாயோட விளிம்புல. சுத்தி அடிச்சிருந்த மரச்சட்டம் மக்கிப் போய் மேல மண் மூடியிருக்கு, நடுவுல ஒண்ணரை மீட்டருக்கு ரெண்டு மீட்டர் ஓட்டை. கல்லப் போட்டா சத்தம் வர ரெண்டு செகண்டுக்கு மேல ஆச்சு, அதாவது 20 மீட்டருக்குக் குறையாத ஆழம்.

அன்னிக்கு ராத்திரி எனக்குப் போன் பண்ணினான். குரல்ல பயமும் இல்ல கோபமும் இல்ல, அதுதான் எனக்குக் கஷ்டமா இருந்துச்சு. "அண்ணா, அந்தக் குழி நம்ம லிஸ்ட்லயே இல்லண்ணா. அரை கிலோமீட்டர் தள்ளித்தான் பாயின்ட் இருக்கு, அதனால நான் கீழயே பாக்கலண்ணா." இந்த வாக்கியத்துக்கு நான் எதுவும் பதில் சொல்லல, காலைல திரும்பி வந்துடுங்கன்னு மட்டும் சொன்னேன்.

நிறுத்தினது

ஃபீல்டு வேலைய அப்பவே நிறுத்தினோம். கிளையன்ட்டுக்கு தாமதமாகும்னு எழுதினோம், அவங்களுக்குப் பிடிக்கல, ஏன்னா மே தாண்டிட்டா வெயில்ல யாரையும் அனுப்ப முடியாது. ஆனா லிஸ்ட்ல இல்லாத குழில ஒரு ஆள் கால வச்ச பிறகு லிஸ்ட்ட நம்பி இன்னொரு நாள் அனுப்புறது முடியாதுன்னு எல்லாரும் ஒத்துக்கிட்டோம்.

முதல்ல நாங்க சந்தேகப்பட்டது டேட்டத்த, அதாவது அட்சரேகை தீர்க்கரேகைய எந்த அடிப்படைலேர்ந்து எண்ணுறதுங்கிற கணக்க. பழைய அமெரிக்க மேப் வேலை செய்றவங்க எல்லாரும் முதல்ல திட்டுறது அதைத்தான், 1927 டேட்டத்துக்கும் 1983 டேட்டத்துக்கும் அந்தப் பகுதில சுமார் 80 மீட்டர் கிழக்கு மேற்கா வித்தியாசம் வரும். எங்க ஷீட் 1927க்கும் முன்னாடி, அதனால இன்னும் கொஞ்சம் கூடலாம். ரெண்டு நாள் அதுலயே போச்சு. 80 மீட்டர் நகத்திப் பாத்தோம், திசைய மாத்திப் பாத்தோம், ஒண்ணும் சேரல.

அப்புறம் இன்னிக்கு லேசர் அளவுலேர்ந்து செஞ்ச நிலத்தோட நிழல் படத்து மேல பழைய ஷீட்ட பாதி தெரியுற மாதிரி வச்சுப் பாத்தப்போதான் விஷயம் புரிஞ்சுது. ஓட்மன் பக்கத்துல பவுண்டரி கோன்னு ஒரு ஒத்தைப் பாறை மலை இருக்கு, எரிமலைத் தொண்டைல இறுகின பாறை, சுத்தி இருந்ததெல்லாம் கரைஞ்சு போய் அது மட்டும் நிக்குது, ஆத்தங்கரைலேர்ந்து பாத்தாலே தெரியும், அந்தப் பகுதிப் பழங்குடியான மொஹாவி மக்களுக்கு அது முக்கியமான மலை. அதை வேற எதோடயும் குழப்பிக்கவே முடியாது. எங்க மேப்ல அந்த மலையோட காண்டூர் வளையம் நிஜ மலைலேர்ந்து கிட்டத்தட்ட நாலு மில்லிமீட்டர், அதாவது அரை கிலோமீட்டர் தள்ளி வெறும் சரிவுல உக்காந்திருந்துச்சு. ஆத்து ஓரத்துல மட்டும் எல்லாம் கச்சிதம்.

பெரியவர் கேட்ட கேள்வி

எங்களுக்குத் தெரிஞ்ச ஒரு ரிட்டயர்டு சர்வேயர், எழுபதுக்கு மேல வயசு, அவர்கிட்ட ஸ்கேனக் கொண்டு போனோம். கம்ப்யூட்டர்ல எதையும் பாக்கல, ஷீட்ட பிரின்ட் எடுத்துக் குடுங்கன்னார். ரொம்ப நேரம் பாத்துட்டு கேட்ட ஒரே கேள்வி, இந்த மேப்ப வரைஞ்ச ஆள் எங்கெங்க நின்னான்?

நாங்க யோசிச்சதே இல்ல. அவரே சொன்னார். அந்தக் காலத்துல பிளேன் டேபிள்னு முக்காலி மேல ஒரு பலகை, அதுல காகிதம், மேல அலிடேட்னு தொலைநோக்கி மாட்டின அளவுகோல். ஏற்கனவே முக்கோண அளவைல இடம் தெரிஞ்ச ஒரு உச்சில போய் நின்னு, கண்ணுக்குத் தெரியுற ஒவ்வொரு உச்சிக்கும் கோடு போடுவான். அடுத்த உச்சில நின்னு அதுங்களுக்கே திரும்பவும் கோடு. ரெண்டு மூணு கோடு வெட்டுற இடம்தான் அந்த உச்சி. அதனால உச்சிங்க நல்லா இருக்கும். ரோட்ட வண்டில போய் சக்கரம் எத்தனை சுத்து சுத்துச்சுன்னு எண்ணி வரைஞ்சிருப்பான், அது சுமாரா இருக்கும். ரெண்டு உச்சிக்கு நடுவுல இருக்குற சின்ன வாஷ் எல்லாம் தூரத்துல நின்னு கண்ணால பாத்து வரைஞ்சது. சுரங்கம் பெரும்பாலும் ரோட்ட ஒட்டி வந்தது.

ஆறு? ஆறும் அன்னிக்கு சரியாத்தான் வரைஞ்சிருப்பான், ஆனா அந்த ஆறு இப்போ எங்கன்னு கேட்டார்.

இங்கதான் எங்களுக்கு முகம் தொங்கிப் போச்சு. நீடில்ஸ் இருக்குற மொஹாவி பள்ளத்தாக்குல அணை வர்றதுக்கு முன்னாடி வருஷா வருஷம் மே, ஜூன்ல ராக்கி மலைப் பனி உருகி வெள்ளம் வந்து ஆறு இஷ்டத்துக்கு பக்கம் மாறும். 1883ல நீடில்ஸ் கிட்ட போட்ட முதல் ரயில் பாலத்த 1884, 86, 88னு மூணு தடவை அடிச்சுட்டுப் போச்சு, வெறுத்துப் போய் 1890ல டோபாக்குல பாறை இருக்குற இடமாப் பாத்து ரெட் ராக் பாலம் கட்டினாங்க. ஹூவர் அணை 1930கள்ல வந்துச்சு, வெள்ளம் நின்னுச்சு. 1938ல கீழ பார்க்கர் அணை முடிஞ்சு ஹவாசு ஏரி நெறைஞ்சதும் அதோட தலைப்பக்கம் மண் படிஞ்சு நீடில்ஸ்ல ஆத்துப் படுகையே உயர ஆரம்பிச்சு ஊருக்குள்ள தண்ணி ஏறுச்சு. அதுக்கு அப்புறம் மிஷின் வச்சு தூர்வாரி ஆத்தை ஒரு கால்வாய் மாதிரி நேராக்கிட்டாங்க. நான் 'ஒரே வளைவு'ன்னு நெனச்சு புடிச்ச 6 வளைவும் 1900ல இருந்த ஆத்தோட வளைவும் வேற வேற. உருவம் ஒரு மாதிரி இருந்துச்சு, அவ்வளவுதான்.

பாலமும் தப்பு. பழைய ஷீட்ல இருக்குற ரயில் பாலம் ரெட் ராக். இப்போ ரயில் ஓடுறது 1945ல கட்டின வேற பாலத்துல. ரெட் ராக்க கொஞ்ச காலம் காருக்கு விட்டுட்டு 1970கள்ல பிரிச்சுப் போட்டாங்க, ஆத்துல அது இருந்த தடயமே பாதிதான் மிச்சம். நான் அந்தப் பாயின்ட்ட 'மிகவும் நம்பகமானது'ன்னு குறிப்பு வேற எழுதி வச்சிருந்தேன்.

ஆக 11ல ஏழு பாயின்ட் தப்பு. மூணாவது டிகிரி பாலினோமியல் ஏழு தப்பையும் சிரத்தையா பொருத்தி, அதுக்காக நடுவுல இருந்த மலைய மொத்தமா இழுத்துட்டுப் போயிடுச்சு.

திரும்பச் செஞ்சது

முதல்ல ஒட்டின படத்தப் பிரிச்சோம், ஒவ்வொரு ஷீட்டும் தனி. ஓரத்துல அந்த ஒன்றரை மில்லிமீட்டர் பொருந்தாதது பொருந்தாமலே இருக்கட்டும்னு விட்டோம், ரெண்டு ஷீட்டும் வேற வேற ஆள் வேற வேற வருஷம் அளந்தது, அது தகவல், அழுக்கு இல்ல.

அடுத்து ஷீட்ல அச்சடிச்சிருக்குற அட்சரேகை தீர்க்கரேகைக் குறிய மட்டும் வச்சு, உருண்டை பூமிய தட்டைக் காகிதத்துல விரிக்க அன்னிக்கு யுஎஸ்ஜிஎஸ் பயன்படுத்தின பாலிகோனிக் முறை, கிளார்க் 1866 பூமி அளவு இது ரெண்டையும் குடுத்து, முதல் டிகிரி மட்டும். வளைக்கவே கூடாதுன்னு முடிவு. அப்புறம் ஒன்பது உச்சிங்கள எடுத்து, பவுண்டரி கோன் உட்பட, நிஜ இடத்துக்கும் ஷீட்ல இருக்குற இடத்துக்கும் எவ்வளவு வித்தியாசம்னு அளந்தோம். எல்லாம் ஒரே திசைல, கிட்டத்தட்ட ஒரே அளவுல தள்ளி இருந்துச்சு. அதுதான் அந்தக் காலத்து டேட்டம். அந்த அளவு முழு ஷீட்டையும் ஒரே தூக்கா தூக்கி வச்சோம். இதுல மிச்சம் இருந்த பிழை 60லேர்ந்து 90 மீட்டர்.

90 மீட்டர்! முன்னாடி 20 மீட்டர்னு பெருமையா சொன்ன அதே ஷீட். கிளையன்ட்டுக்கு இதைப் புரிய வைக்கிறதுக்கே ஒரு மீட்டிங் போச்சு, பிழை கூடுனது எப்படி முன்னேற்றம்னு கேட்டாங்க, நியாயமான கேள்விதான். நாங்க சொன்னது, பிற்காலத்துல அமெரிக்காவுல வச்ச மேப் துல்லிய விதிப்படியே 1:125,000 ஷீட்ல நல்லாத் தெரியுற பாயின்ட்டுக்கு அங்குலத்துல அம்பதுல ஒரு பங்கு, அதாவது 60 மீட்டர் சொச்சம் விட்டுக்குடுப்பாங்க. அந்த விதி வர்றதுக்கு முன்னாடி பிளேன் டேபிள்ல வரைஞ்சது 90க்குள்ள வந்தா அது அந்த ஆளோட திறமை. 20ன்னு சொன்னது எங்க பொய்.

கிளெய்ம் பிளாட்

90 மீட்டர்னா ஒரு குழியத் தேட இன்னும் பெரிய வட்டம்தான். இதைச் சின்னதாக்கினது மேப் இல்ல, பத்திரம். 1872 சட்டப்படி சுரங்கக் கிளெய்ம், அதாவது ஒருத்தர் தோண்டுற உரிமை கேட்டு எல்லை போட்டுக்குற நிலம், ஒண்ணு அதிகபட்சம் 1,500 அடி நீளம் 600 அடி அகலம். 1994 வரைக்கும் அதைச் சொந்தப் பட்டாவா மாத்தணும்னா 500 டாலருக்கு வேலை செஞ்சிருக்கணும், அதை அரசாங்கம் அனுமதிச்ச சர்வேயர் வந்து அளந்து எழுதணும். அவர் என்ன எழுதுவார்னா, இந்த மூலைலேர்ந்து இவ்வளவு டிகிரி இவ்வளவு அடி தள்ளி ஒரு ஷாஃப்ட், அகலம் இவ்வளவு, ஆழம் இவ்வளவு, மரச்சட்டம் போட்டிருக்கு. 500 டாலர நிரூபிக்கணுமே, அதனால ஒரு குழிய விடமாட்டாங்க. கிளெய்ம் மூலைய பக்கத்துல இருக்குற செக்ஷன், அதாவது அரசாங்கம் சதுரமா அளந்து பிரிச்ச நிலம், அதோட மூலையோடயோ சுரங்க அளவைக்குன்னு நட்ட ஒரு கல்லோடயோ கட்டிக் காட்டியிருப்பாங்க.

14ல ஆறு குறி பட்டா வாங்கின கிளெய்முக்குள்ள வந்துச்சு. அந்த ஆறு குறிக்கும் பிளாட், அதாவது அந்தச் சர்வேயர் அளந்து வரைஞ்சு எழுதின கிளெய்ம் வரைபடம், எடுத்தோம். மீதி எட்டும் பட்டா வாங்காததுங்க, அதுக்கு 1909ல யுஎஸ்ஜிஎஸ் இந்த மலைத்தொடர் சுரங்கங்கள் பத்தி வெளியிட்ட புல்லட்டின்ல இருக்குற வர்ணனையும் பாறை நரம்போட திசையும்தான் துணை. இந்த எட்டுக்கு ஒரே பாயின்ட் குடுக்காம, 100 மீட்டர் வட்டம் வரைஞ்சு, அதுக்குள்ள எந்த வாஷ், எந்த முகடுன்னு எழுதிக் குடுத்தோம். ஃபீல்டு ரூலும் மாத்தினோம். வட்டத்துக்கு 200 மீட்டர் முன்னாடியே டேப்லட் பையில போயிடணும், ஒருத்தர் நடக்க ஒருத்தர் நின்னு பாக்கணும், புதரச் சுத்திப் போகும்போது கம்பால தட்டிட்டுப் போகணும்.

என்ன கிடைச்சுது

மே நடுவுல, விடியக்காலம் நாலரைக்குக் கிளம்பி பத்து மணிக்குள்ள திரும்புற மாதிரி ஏழு நாள். முதல் நாளே ஒரு கிளெய்ம் மூலைக்கல் கிடைச்சுது. கல்லுக் குவியலுக்குள்ள படுத்துக் கிடந்த ஒரு நீளக் கல், அதுல உளியால வெட்டின சர்வே நம்பர், புவியியல்காரர் வாயால ஊதி மண்ண எடுத்ததும் நம்பர் படிக்க முடிஞ்சுது. அங்கேர்ந்து பிளாட்ல சொன்ன திசைல டேப் புடிச்சுக்கிட்டுப் போனா ரெண்டு மீட்டருக்குள்ள குழி.

14ல 11 கிடைச்சுது. ரெண்டு ஏற்கனவே வெள்ளத்துல மண் அடிச்சு மூடிக் கிடந்துச்சு, கழிவுமண் மேட்ட வச்சு இதுதான்னு முடிவு பண்ணினோம். ஒண்ணு கிடைக்கவே இல்ல. இது போக எந்த மேப்லயும் இல்லாத ஒன்பது புதுசா கிடைச்சுது, அதுல அஞ்சு சும்மா பள்ளம்.

ஏப்ரல்ல ஜூனியர் கால வச்ச குழி இருக்கே, லிஸ்ட்ல இல்லன்னு சொன்னானே, அது லிஸ்ட்ல இருந்ததுதான். நாலாவது பாயின்ட்டே அதுதான். அவனோட டேப்லட் 500 மீட்டர் தள்ளி வேற ஒரு சரிவுல காட்டிக்கிட்டு இருந்த அதே குறி, புது மேப்ல அந்தக் குழிலேர்ந்து 40 மீட்டர்ல வந்து விழுந்துச்சு. பிளாட்ல ஆழம் 80 அடின்னு எழுதியிருந்துச்சு.

கிடைச்ச 11ல ஒரு கிடைமட்டச் சுரங்கத்துல வௌவால் இருந்துச்சு, கலிஃபோர்னியா இலைமூக்கு வௌவால், இந்த ஆத்தோரப் பாலைவனத்துல அதுங்க குளிர்காலத்தக் கழிக்கிறது பெரும்பாலும் இந்தக் கைவிட்ட சுரங்கத்தோட கதகதப்புலதான். உயிரியல்காரர் ஒருத்தர் ரெண்டு சாயங்காலம் வாசல்ல உக்காந்து எண்ணினார். அதனால அதுக்கு மட்டும் ஃபோம் அடைக்காம, வௌவால் பறக்க இடைவெளி விட்ட இரும்புக் கம்பி கேட். ஏப்ரல் லிஸ்ட்டோட போயிருந்தா அந்தச் சுரங்கம் இருக்குற பக்கமே யாரும் போயிருக்க மாட்டாங்க, இதை நெனச்சா இன்னும் ஒரு மாதிரிதான் இருக்கு.

மொத்தமா மூணு வாரம் தாமதம். அந்தச் செலவ கிளையன்ட்கிட்ட கேக்கல, எங்க கணக்குலயே போச்சு.

இப்போ செஞ்சா எப்படி

மேப்ல எந்த நிறம் எப்போ அளந்ததுன்னு முதல்ல கேப்போம். ஒரே ஷீட்ல இருந்தாலும் நீலம் ஒரு வருஷத்து உண்மை, பழுப்பு கிட்டத்தட்ட எல்லா வருஷத்துக்கும் உண்மை, கறுப்பு அன்னிக்கு ரோட்ல போனவன் பாத்தது. நீலத்துல கன்ட்ரோல் பாயின்ட் புடிக்கவே மாட்டோம். பாலம், ரயில் நிலையம் எதைப் புடிச்சாலும் அது எந்த வருஷம் கட்டினதுன்னு பாக்காம புடிக்க மாட்டோம். மூணாவது டிகிரி ஆப்ஷன எங்க ஆபீஸ் டெம்ப்ளேட்லேர்ந்தே எடுத்துட்டேன், தேவைன்னா காரணம் எழுதிக் கேட்டு வாங்கணும், இதுவரைக்கும் யாரும் கேக்கல. சரிபாக்குறதுக்குன்னே மூணுல ஒரு பங்கு பாயின்ட்ட தனியா ஒளிச்சு வைக்கிறோம், பொருத்துற ஆளுக்கு அது தெரியாது.

புவியியல்காரர் முதல் நாள் சாயங்காலமே பாறை சரியில்லன்னு சொன்னது பதிவுல இருக்கு. அதை ஒரு எச்சரிக்கையா எடுத்துக்கிற முறை எங்ககிட்ட அப்போ இல்ல, இப்போ இருக்கு, ஃபீல்டுலேர்ந்து ரெண்டு பாயின்ட் தொடர்ந்து காலின்னு வந்தா மூணாவதுக்குப் போகாம ஆபீஸ்ல மேப்ப எடுத்துப் பாக்கணும்.

பழைய ஆத்தையும் தூக்கிப் போடல. அது தனி லேயரா, அளந்த வருஷம் போட்டு, குடுத்தோம். அங்க ஆறுதான் மாநில எல்லையா இருந்துச்சு, ஆறு மெதுவா அரிச்சு நகந்தா எல்லையும் கூட நகரும், ஒரே வெள்ளத்துல தாவிப் போனா எல்லை பழைய இடத்துலயே நிக்கும்னு சட்டம், அதனால எது நகந்தது எது தாவினதுன்னு பல காலம் சண்டை, கடைசில கலிஃபோர்னியாவும் அரிசோனாவும் 1963ல ஒப்பந்தம் போட்டு பாயின்ட் பாயின்ட்டா எல்லைய நிறுத்திட்டாங்க. 1900 ஆறு எங்க இருந்துச்சுங்கிறது அங்க சும்மா தகவல் இல்ல.

வேலை முடிஞ்சு சில மாசம் கழிச்சு கிளையன்ட்டோட இன்னொரு டீம்லேர்ந்து போன். நீங்க குடுத்த ஷீட்ல ஆறு சில இடத்துல ஒரு கிலோமீட்டருக்கு மேல தள்ளி இருக்கு, முன்னாடி ஒரு வெர்ஷன் குடுத்தீங்களாமே, அதுல ஆறு அழகா பொருந்துதாம், அதைக் குடுங்கன்னாங்க. ஜூனியர்தான் போன எடுத்தான். அந்த வெர்ஷன அழிச்சுட்டோம்னு சொன்னான். அழிக்கல, 'ரப்பர்'னு பேர் போட்டு ஒரு ஃபோல்டர்ல இருக்கு, புதுசா சேர்றவங்களுக்கு முதல் நாள் அதைத்தான் திறந்து காட்டுறான்.